மருதாத்தாளின் பெயரில்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு கார் நோட்டீஸின் பின்பக்கத்தில் இருந்து வந்தது.

கேரளப் பக்கம், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு, எது கேட்டாலும் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். ஊரில் முதல் வேலைக்குத்தான் மரியாதை. இரண்டாவதைக் கேள்விப்படுகிறவர்கள் "ஓ, அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள்.

சென்ற ஆடி மாதம் ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் விஷயமாக உறுதிமொழிப் பத்திரம் அடிக்க வேண்டும் என்றார். காசு போட்டது அவர், ஓட்டுவது அவர், வண்டி நிற்பதும் அவர் வீட்டு வாசலில். ஆனால் பதிவு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கோபாலபுரத்தில் இருக்கும் அக்கா பெயரில். அந்தப் பக்கம் அந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, இந்தப் பக்கம் உண்டு. இங்கே இது யாருக்கும் புதிதல்ல. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எல்லை தாண்டி ஒரு சொந்தமும் ஒரு முகவரியும் இருக்கின்றன.

அச்சானதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல எங்கக்கா பேரு எத்தன எடத்துல வருதுங்க?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"என்ற பேரு?" என்று தன் பெயரைக் கேட்டார்.

இரண்டு. சிரித்துக்கொண்டே போய்விட்டார். மொத்தம் பத்து நிமிஷம் இருந்திருப்பார். அவர் போன பிறகு மேஜையில் கிடந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: 'தன் வண்டியில் தன் பெயர் இல்லாத ஒருவர்.' இதற்கு அப்புறம் வருவதெல்லாம் நான் செய்தது. செய்தது என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று:

'விலை குறைந்த அன்று காளிச்சாமி—'

(அந்த மனிதருக்குக் காளிச்சாமி என்று பெயர் வைத்தேன். நிலக்கடலையும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி ஆக்கினேன்.) இதை அத்தோடு விட்டுவிட்டேன். அந்த வருஷம் விலை குறையாத நாள் எது?

தொடக்கம் இரண்டு:

'போடிமெட்டில் இருந்து இறங்க இறங்க, வண்டியின் பேட்டரி தானாக ஏறிக்கொண்டே வந்தது. மேலே நாற்பது. அடிவாரத்தில் நாற்பத்தாறு. புறப்பட்டதைவிட அதிகமாக ஏதோ ஒன்று வண்டியில்—'

எலெக்ட்ரிக் வண்டிகள் இறக்கத்தில் அப்படித்தான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், அதில் மாயம் ஒன்றும் இல்லை. வாக்கியம் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் எனக்கு அந்த எஸ்டேட் தமிழ் வராது. மூன்றாவது வரியிலேயே எங்கள் ஊர்க் கொங்குப் பேச்சு எட்டிப் பார்த்துவிடும். மலையை விட்டு இறங்கினேன்.

தொடக்கம் மூன்று:

'வண்டி மருதாத்தாளின் பெயரில் இருந்தது.'

இதில் நின்றேன். (அக்காவுக்கு நான் வைத்த பெயர் மருதாத்தாள். பத்திரத்தில் இருந்த பெயர் வேறு. அதைக் கதையில் போடுவது முறையில்லை.)

3

நடுவில் விலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாண்டிப் போய்விடாதீர்கள். நான் தப்புச் செய்யக் கற்றுக்கொண்ட இடம் இதுதான்.

மின்மினி, சிட்டு என்று இரண்டு சின்ன எலெக்ட்ரிக் கார்கள். (கம்பெனிப் பெயர்கள் கற்பனை. யாராவது வழக்குப் போட்டு என் கடையை ஜப்தி செய்தாலும் ஒரு பழைய பிரிண்டர்தான் தேறும்.) மின்மினியின் ஷோரூம் எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில், நஞ்சப்பன் என்பவருடையது. சிட்டின் ஷோரூம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே விற்பனை பார்ப்பவன் ரிஞ்சு. இரண்டு பேருக்கும் தமிழ் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது நான். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு.

மின்மினி ரூ. 7,99,000 மட்டுமே. பத்தாம் நாள் சிட்டு ரூ. 7,49,000 மட்டுமே. அடுத்த வாரம் மின்மினி ரூ. 7,25,000 மட்டுமே. அந்த மை காய்வதற்குள் சிட்டு ரூ. 6,99,000 மட்டுமே. நஞ்சப்பன் ரிஞ்சுவைத் திட்டுவார், ரிஞ்சு நஞ்சப்பனைத் திட்டுவான், நான் இருவருக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு அந்த 'மட்டுமே'யைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் வைப்பேன். ஊரே பார்த்த போட்டி ஒரே கீபோர்டில் நடந்தது.

விலை எப்படிக் குறைகிறது என்று எனக்குத் தெரியும். வண்டியில் இருந்து எதையாவது எடுத்துவிடுவார்கள். எடுத்தது தெரியாமல் எழுதுவது என் வேலை. முதலில் ஸ்டெப்னி டயர் போயிற்று. 'கூடுதல் டிக்கி இடம்' என்று எழுதினேன். பின் கண்ணாடி வைப்பர் போயிற்று. 'எளிய வடிவமைப்பு.' நான்கு ஸ்பீக்கரில் இரண்டு போயின. 'அமைதியான பயணம்.' கடைசியில் மின்மினி பேட்டரியையே எடுத்துவிட்டது. வண்டி மட்டும் ரூ. 4,99,000, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை. 'உயிர் வாடகைக்கு' என்று எழுதக் கை பரபரத்தது. 'ஓடினால் மட்டும் கட்டுங்கள்' என்று எழுதினேன்.

ஒரு பொருளை எடுத்துவிட்டு, எடுத்த இடமே தெரியாதபடி சொற்களை இழுத்து மூடும் கை எனக்கு வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே பெருமையாக இருந்தது.

கதையில் காளிச்சாமி வாங்கியது மின்மினி, 7,25,000 விலையில், ஸ்டெப்னி போன பிறகு. அக்கா முகவரியில் பதிந்ததால் இன்னும் முப்பத்தாறாயிரம் மிச்சம்.

4

முதல் பிரதியில் மருதாத்தாள் வருகிற காட்சி இது. ஞாபகத்தில் இருந்து எழுதுகிறேன். பிரதி இப்போது இல்லை, ஏன் இல்லை என்பது அடுத்த பகுதியில்.

மருதாத்தாள் கோபாலபுரத்தில் மாவு மில் வைத்திருப்பவள். ஐம்பத்தாறு வயது. புருவத்தில் எப்போதும் அரிசி மாவு. தம்பி நீட்டிய ஃபாரத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடா காளி இது?"

"வண்டிக்குங்க்கா. உன்ற பேருல எடுத்தா வரி இல்ல."

"அப்ப வண்டி என்றதா?"

"பேருதான் உன்றது."

"பேரு என்றதுன்னா வண்டியும் என்றதுதான்." மருதாத்தாள்தான் முதலில் சிரித்தாள். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். "ஒன்னே ஒன்னு. என்ற வண்டில என்னைய ஒருக்கா முன்சீட்டுல ஒக்கார வெச்சுக் கூட்டீட்டுப் போகோணும். செக்போஸ்ட்டுல ஆராச்சும் கேட்டா, என்ற வண்டின்னு நாஞ் சொல்லிக்கறேன்."

"எங்க போகோணும்?"

"எங்கயுமில்ல. கொழிஞ்சாம்பாற போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தாப் போதும். ஆனா முன்சீட்டு. உங்க மாமன் இருந்தவரைக்கும் பைக்குல பின்னாலயே ஒக்காந்து, அவரு முதுகத் தவிர நான் ரோட்டப் பாத்ததே இல்ல."

"சனிக்கெழம வர்றேங்க்கா."

அந்த முதுகைப் பற்றிய வரியை நான் யோசித்து எழுதவில்லை. அது தானாக வந்தது. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு வரி வந்துவிட்டால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு மருதாத்தாளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை காளிச்சாமி போகவில்லை. கடலை பறிப்பு. அடுத்த சனிக்கிழமை ஏதோ கல்யாணம். இரண்டு சனிக்கிழமையும் மருதாத்தாள் நல்ல சேலை கட்டி மில் வாசலில் நின்றதாக எழுதியிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை கூட்டிப்போகலாம் என்பது என் திட்டம்.

[ஃபாரத்தில் உரிமையாளர் போன் நம்பர் என்று ஒரு கட்டம் உண்டு. எந்தப் பத்து இலக்கத்தைப் போட்டாலும் யாரோ ஒருவருடையதாகிவிடும், அவருக்குத் தொந்தரவு. அதனால் என் கடையின் இரண்டாவது போன் நம்பரைப் போட்டேன். கதைக்குள்தானே என்று.]

5

இரண்டாம் சனிக்கிழமை வரை எழுதியதை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்.

"கதை விலையைப் பத்தி. நல்லா இருக்கு. ஆனா அந்த அக்கா எதுக்குங்க? அவங்க வந்தாப் பாசக் கதை ஆயிடுது. எடுத்துருங்க, மூணு பக்கம் மிச்சம்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நோட்டீஸ் எழுதி எழுதி, எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் கை உடனே போகும் அளவுக்கு ஆகியிருந்தேன். ஸ்டெப்னி இல்லாமல் வண்டி ஓடவில்லையா?

வேலையை இப்படிச் செய்தேன். முதலில் அக்கா பேசிய வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே, அதில் 'மருதாத்தாள்' என்று அடித்து, அதற்குப் பதிலாக என்று கேட்ட இடத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கினேன். முப்பத்தோரு இடங்களில் மாற்றியதாகச் சொன்னது. அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். டீ குடிக்கப் போனேன்.

6

மறுநாள் காலை திறந்து படித்தேன். இப்படி இருந்தது:

'தான் முதலில் சிரித்தாள். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை காலையில் நல்ல சேலை கட்டி வாசலில் வந்து நின்றாள். மறு சனிக்கிழமையும் நின்றாள். காளிச்சாமி மருதாத்தாளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மருதாத்தாளின் வீட்டு வழியாகவே போனார், மருதாத்தாளைப் பார்க்காமல்.'

என் பிழையைப் பாருங்கள். நான் தேடியது புள்ளி வைத்த 'ள்'. மருதாத்தாளின், மருதாத்தாளுக்கு, மருதாத்தாளை என்று வேற்றுமை உருபு ஏறிய இடங்களில் புள்ளி இல்லை. அந்தப் பெயர்கள் எதுவும் போகவில்லை. எழுவாய் மட்டும் போயிருந்தது. ஒரு காரியத்தைச் செய்கிற ஆளாக அக்கா இல்லை. ஆனால் வீடு இருந்தது, வண்டி இருந்தது, சொல்லாமல் விட்ட வார்த்தை இருந்தது.

அதைவிட மோசம் வினைமுற்றுகள். சிரித்தாள். போட்டாள். நின்றாள். எழுவாயை எடுத்தாலும் நம் வாக்கியம் விழாது. விகுதியில் ஒரு பெண் நின்றுகொண்டே இருப்பாள். மலையாளத்தில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். அங்கே வினையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, பெயரை எடுத்தால் ஆளும் போய்விடும். ஆறு கிலோமீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கிற இரண்டு மொழிகள். நான் வினைமுற்றுக்கு வரி அதிகமான மொழியில் எழுதிவிட்டேன்.

திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் கதை கொஞ்சம் நகர வேண்டும் அல்லவா, அடுத்த காட்சிக்குப் போனேன். 'காளிச்சாமி வண்டியை எடுத்தார். முன் இருக்கை காலியாக இருந்தது.' அடுத்த வரி: 'பெல்ட் போடச் சொல்லும் மணி அடித்தது.'

மலிவு வண்டியின் மட்டமான சென்சார் என்று ஒரு கிண்டலுக்காகத்தான் எழுதினேன். டிங், டிங், டிங். இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கிற மணி. காளிச்சாமி நஞ்சப்பனின் சர்வீசுக்குக் கொண்டுபோனார். அங்கே இருக்கையைக் கழற்றிப் பார்த்தார்கள்.

"சென்சார் சரியாத்தானுங்க இருக்குது. நீங்க சீட்டுல என்னமோ பாரம் வெச்சிருக்கறீங்க."

"ஒன்னும் வெக்கலீங்க."

"சனிக்கெழம மட்டுந்தான் அடிக்குதுங்களா?"

காளிச்சாமி சாவியை வாங்கிக்கொண்டார். (சனிக்கிழமை என்பதை மெக்கானிக் எப்படிக் கண்டுபிடித்தான் என்று எனக்கும் தெரியவில்லை. இந்த வரியை அடித்துவிட வேண்டும்.) திரும்பும் வழியில், மணியை நிறுத்த, காலி இருக்கையின் பெல்ட்டை எட்டி இழுத்து மாட்டினார். மணி நின்றது. பெல்ட்டின் இரும்பு நாக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார். அரிசி மாவு.

இந்தக் கடைசி மூன்று வாக்கியங்கள் கோப்பில் என் எழுத்துருவில், என் புள்ளி வைக்கும் பழக்கத்தோடு இருக்கின்றன. நான் அடித்த ஞாபகம் இல்லை.

7

காளிச்சாமிக்கு அந்த வண்டியை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்போதுதான் சிட்டின் புது நோட்டீஸ் அவர் கைக்குப் போயிற்று. 'பழைய எலெக்ட்ரிக் காரைக் கொடுங்கள், புதிய சிட்டை எடுங்கள். ரூ. 6,99,000-இல் இருந்து உங்கள் வண்டியின் மதிப்பைக் கழித்தது போக மட்டுமே. இன்று மாலை வரை மட்டுமே.' அதையும் அடித்தது நான்தான். கதைக்குள் இல்லை, வெளியில், ரிஞ்சுவுக்காக.

ஷோரூமில் ரிஞ்சு கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைப் போட்டான்.

"ஓனர் கூட வந்திருக்கோ சேட்டா?"

"ஓனரு நாந்தானுங்க தம்பி."

ரிஞ்சு திரையைத் திருப்பிக் காட்டினான். "ஓனர் பேர் இருக்கற இடம் காலி. அட்ரஸ் உண்டு. மாவு மில், கோபாலபுரம். இது ஆரு?"

காளிச்சாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அக்கா இல்லை. நான் எடுத்துவிட்டேன். ஆனாலும் சொன்னார்:

"அந்த மில்லு எனக்குத் தெரியுமுங்க. அந்த வழி போறப்பெல்லாம் வாசல்ல ஆரோ நின்னுட்டிருக்கற மாதிரியே இருக்கும். நிறுத்தோணும்னு தோணும். எதுக்குன்னு தெரியாது. நிறுத்தாமப் போயிருவேன்."

"பேரில்லாட்டியும் சாரமில்ல சேட்டா, பரவால்ல. நம்பர் ஒண்ணு உண்டு. அதுக்கு ஓடிபி விடறேன், அந்த ஆறு நம்பர் சொன்னா மதி, அது போதும். மாத்தி எழுதிரலாம். அப்பறம் இந்தப் பழைய ஓனர் ரெக்கார்டே இருக்காது."

ரிஞ்சு பொத்தானை அமுக்கினான்.

இந்த வாக்கியத்துக்குப் புள்ளி வைத்தேன். மத்தியானம் மூன்று மணி. கீழே பொள்ளாச்சி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. மேஜை டிராயருக்குள் இருந்த இரண்டாவது போன் ஒருமுறை அதிர்ந்தது.

8

'உங்கள் வாகனத்தின் பெயர் மாற்றத்துக்கான ஓடிபி' என்று தொடங்கி ஆறு இலக்கம். பத்து நிமிடம் செல்லும். இதை யாருடனும் பகிர வேண்டாம்.

எந்த மோசடிக்காரனோ அனுப்பியிருப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. அப்போது அழைப்பு வந்தது. திரையில் எண் எதுவும் இல்லை.

"ஏனுங்க, இது ஆருங்க நெம்பரு?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அக்காங்களா?"

"இல்லீங்க," என்றேன். "இது டிடிபி கடை."

"பஸ் ஸ்டாண்டு மாடிங்களா? அங்கதானுங்களே நான் பத்தரம் அடிச்சது. நல்லதாப் போச்சு. அதுல ஏழு எடத்துல ஒரு பேரு இருந்துச்சுங்களே, அது ஆரு பேருங்க? இப்ப எடுத்துப் பாக்கறேன், ஏழு எடமும் காலியா இருக்குது."

ஆடி மாதக் கோப்பைத் தேடித் திறந்தேன். இரண்டு தடவை தப்பான கோப்பைத் திறந்தேன். பத்திரம் அப்படியே இருந்தது, ஏழு இடைவெளிகளோடு. மருதாத்தாளின் பெயர் நான் வைத்தது. அதை அழித்தால் இது ஏன் அழிய வேண்டும்? இந்தப் பத்திரத்தில் இருந்தது வேறு பெயர், நிஜமான பெயர். அது என்ன பெயர் என்று யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு அக்கான்னு ஒருத்தரு இருந்தாங்களாங்க?" என்று கேட்டது அந்தக் குரல். மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்கதான அடிச்சீங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

எங்கள் தொழிலில் அடிப்பது என்றால் தட்டச்சு செய்வது. கோடு போட்டு நீக்குவதும் அடிப்பதுதான். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"ஒரு பத்து நிமிஷம் லைன்ல இருங்க," என்றேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9

முடிவு (அ): ஆறு இலக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிஞ்சு கை கொடுக்கிறான். காளிச்சாமி புதுச் சிட்டில் வீட்டுக்குப் போகிறார். முன் இருக்கை காலி, மணி அடிக்கவில்லை. கோபாலபுரம் வழி போகும்போது மில் வாசலில் யாரும் இல்லை, அவருக்கு எதுவும் தோன்றவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறார். விலையும் குறைவு. படித்துப் பார்த்தேன். நான் எழுதிய நோட்டீஸ்களிலேயே சிறந்தது இதுதான்.

முடிவு (ஆ): சொல்லாமல் இருந்துவிடுகிறேன். பத்து நிமிடம் கழிகிறது, சலுகையும் முடிகிறது. காளிச்சாமி மின்மினியிலேயே திரும்புகிறார், காலி இருக்கைக்குப் பெல்ட் மாட்டியபடி, யாருக்கு என்று தெரியாமல், சாகிறவரை. இதை எழுதியபோது எனக்கு அந்த மனிதரை நினைத்து அழுகை வந்தது. பாதியில் விட்டுவிட்டேன்.

முடிவு (இ): மருதாத்தாளைத் திரும்பக் கொண்டுவருவது. இதைத்தானே முதலில் செய்திருக்க வேண்டும் என்பீர்கள். செய்து பார்த்தேன். முப்பத்தோரு இடத்திலும் பெயரைத் திரும்ப அடித்தேன். மாவு மில்லை எழுதினேன், புருவத்து மாவை எழுதினேன். காளிச்சாமி ஃபாரத்தை நீட்டினார். எதிரே ஒரு பெண் வாங்கிப் பார்த்தாள். பேசவில்லை. முதுகைப் பற்றிய வரியை நானே அந்த வாயில் வைத்தேன். நோட்டீஸ் படிப்பது போல ஒப்பித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது வேறு யாரோ. அழித்துவிட்டேன்.

[நாலாம் பகுதியை மறுபடி படித்துப் பார்த்தேன். அங்கே பேசுகிறது அக்காதான், எனக்குச் சந்தேகமில்லை. ஐந்தாம் பகுதிக்குப் பிறகு அந்தப் பெயரை எழுவாயாக நான் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. தேடிப் பாருங்கள்.]

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கமாக இருக்கிறது. ஒரு பெண் கேட்டது ஒரு டீயும் ஒரு முன்சீட்டும். ஆறு கிலோமீட்டர் போய் வர ஆகும் கரண்ட் செலவு பத்து ரூபாய்கூட இருக்காது. தம்பி தள்ளிப்போட்டார், நான் எடுத்தே போட்டுவிட்டேன்.

10

கவிழ்த்து வைத்த போனுக்குள் இன்னும் மூச்சுச் சத்தம் கேட்கிறது. மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறது.

ஓடிபியை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. யாருடனும் பகிர வேண்டாம் என்று போட்டிருக்கிறது, அந்த யாரோவில் நீங்களும் அடக்கம், மன்னிக்க வேண்டும். ஆனால் மூன்றாவது சனிக்கிழமையை உங்களிடம் தந்துவிடுகிறேன். நான் அடித்தால் வராத அக்கா, உங்கள் கையால் வரக்கூடும்.

மனுக்களில் வருகிற மாதிரி ஒரு வரி அடித்துவைத்திருக்கிறேன். இரண்டு சொல்லில் ஒன்றை நீங்கள் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுவது என் கடமை. சிரித்தாள், போட்டாள், நின்றாள் என்ற விகுதியில்தான் இத்தனை நாளும் அக்கா இருந்தது. 'இல்லை' என்று முடிகிற வினையில் அந்த விகுதி கிடையாது. அவன் வரவில்லை, அவள் வரவில்லை, அது வரவில்லை, எல்லாம் ஒன்றுதான். அதில் யாரும் நிற்க முடியாது.

இதை அடித்து முடிக்கும்போது கீழே ஒரு சின்ன வண்டி வந்து நின்றிருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை, அந்த வண்டிகளுக்குச் சத்தம் இல்லை. பெல்ட் மணி மட்டும் கேட்கிறது. நான் எட்டிப் பார்க்கப்போவதில்லை. பேனாவை எடுங்கள்.

சனிக்கிழமை காலை, கோபாலபுரத்தில், மருதாத்தாளின் பெயரில் உள்ள வண்டியில், முன் இருக்கையில் ஏறினாள் / ஏறவில்லை.

(பொருந்தாததை அடிக்கவும்.)